நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

நெல்லையப்ப பிள்ளையின் ஜீப்பு ஒரு நாளும் நாலு சக்கரத்தாலும் இழுத்ததில்லை என்கிற விஷயம், அது ஓலைப்புரையில் பன்னிரண்டு வருஷம் கிடந்து துருவேறின பிறகுதான் வெளியே வந்தது. வந்ததே, அப்போதாவது மனுஷன் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கிற குணம் இருந்திருந்தால் அந்த வீட்டுக்கு அந்தக் கதியே வந்திருக்காது.

அது எண்பத்திரண்டாம் வருஷத்துப் பங்குனி. குளத்தூருக்கு மேற்கே கல்லுவிளையில், பிள்ளை வீட்டு மாட்டுத் தொழுவத்தை ஒட்டின புரையில், பாறசாலை மெக்கானிக் பொன்னுதாஸ் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்தான். காலையில் ஏழு மணிக்கு உள்ளே போனவன் பத்து மணிக்குத்தான் தலையை வெளியே நீட்டினான். முகமெல்லாம் கரியும் எலிப்புழுக்கையும்.

"சாரே, இது நாலு வீலும் இழுக்குத வண்டின்னுதானே சொன்னிய?"

"பின்னே? யுத்தம் கழிஞ்சு பட்டாளத்துக்காரன் ஏலம் விட்டப்போ எங்க அப்பா போய் எடுத்த வண்டியாக்கும். பொறத்த அந்த ஏத்தம் கெடக்கே, அதுல பத்து மூடை நெல்லோட சரசரன்னு ஏறும். நான் முன்னால இருந்து எத்தர தடவ ஏறியிருக்கேன்!"

"ஏறியிருக்கும். அத நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா முன் சக்கரம் இழுத்து ஏறல்ல." பொன்னுதாஸ் எழுந்து உட்கார்ந்து துணியில் கையைத் துடைத்தான். "முன் அச்சுக்குப் போவுத ஷாஃப்ட்டே இதுல இல்ல. அச்சுக்க உள்ள பல்சக்கரமும் இல்ல. தேங்கா துருவின செரட்ட போல வெறும் பொள்ளையாக்கும்."

"இத்தன வருஷம் சும்மா கெடந்தது. எவனாவது களத்திக் கொண்டு போயிருப்பான்."

"கள்ளன் களத்தினா, களத்தின வாயில தகரம் வச்சு வெல்டு அடிச்சுட்டா போவான்? இது பழைய வேலை சாரே. இருவத்தஞ்சு முப்பது வருஷம் காணும். உங்க டிரைவரு ஆரு?"

"ராஜையா. அவன் செத்து ஆண்டு எட்டாச்சு."

"அவருக்குத் தெரியும். லிவர மட்டும் களத்தாம விட்டிருக்காரு, பாத்தியளா."

பிள்ளை பார்த்தார். சிவப்புக் குமிழ் வைத்த அந்த லிவர் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஏத்தத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, பூசாரி கற்பூரத் தட்டை எடுக்கிற பவிசில் ராஜையா அதைப் பிடித்து இழுப்பான். 'இனி நாலும் இழுக்கும் ஏமானே' என்பான். பிள்ளையும் நிமிர்ந்து உட்காருவார்.

பொன்னுதாஸ் வண்டியின் பின்பக்கம் போயிருந்தான். அங்கே இடுப்பளவு உயரத்தில், குறுக்காக ஓர் இரும்புக் குழாய் பற்றவைத்திருந்தது.

"இது எதுக்குள்ளது சாரே?"

"வைக்கோல் கெட்டுதுக்கு."

"கயிறு கெட்டின தடம் இதுல ஒண்ணும் காணல்ல." அவன் குனிந்து குழாயின் மேல் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தான். "பெயின்ட் தேஞ்ச எடத்த எண்ணுங்க. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. நாலு ஆளுக்க கையாக்கும். தள்ளியிருக்கானுவ சாரே. உங்க வண்டி ஏறினது ஆளுக்க பெலத்துலயாக்கும்."

ஏத்தம் ஏறுகிற அன்றைக்கு, விளையில் குடியிருந்த யோவானும் வேறு மூன்று பேரும் பின்னால் வருவது அவருக்குத் தெரியும். சக்கரத்துக்கு அடைக்கட்டை வைக்க வருகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் அந்த நாலு பேருக்கும் சட்டி நிறையக் கஞ்சியும் பயறும், கூட ஓர் அச்சு கருப்பட்டியும் உண்டு. கட்டை வைக்கிறதுக்கா இத்தனை கஞ்சி என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தவர் பின்னால் திரும்பிப் பார்க்கிற வழக்கமும் அந்த வீட்டு ஆண்களுக்குக் கிடையாது.

*

அந்த ஜீப்பை இப்போது எதற்கு உயிர்ப்பிக்க வேண்டும்? பெண்டாட்டி பகவதியம்மாளுக்காகத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் துணிதுவைக்கிற கல்லில் பகவதியம்மாள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. வீடு மேட்டில் இருக்கிறது. மேற்கே வயலுக்கு இறங்குகிற ஏத்தமும், அதன் ஓரமாக வெட்டுகல்லில் செதுக்கின அறுபத்திரண்டு படியும்தான் போக்குவரத்து. நாற்காலியில் வைத்துப் படிவழியே இறக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை அவளுக்குப் போதம் போயிற்று. திரும்பி வந்து கட்டிலில் கிடந்தவள் சொன்னாள்: "இனி என்ன அந்தப் படி வழியா எறக்கினா, அது பாடையாத்தான் இருக்கணும்."

அவளுடைய அக்காள் கல்யாணசுந்தரி அமரவிளையில். அவளுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். இப்போது அவள் அங்கே கட்டிலில், இவள் இங்கே கட்டிலில். நடுவில் ஜீப்பு போனால் அரைமணி நேரத்து வழி. வீட்டுவேலைக்கு வருகிற சுகுமாரிதான் இரண்டு கட்டிலுக்கும் நடுவே தபால். இங்கிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் போகும், அங்கிருந்து முறுக்கு வரும். "பகவதி எப்பம் வருவா?" என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு இங்கிருந்து பதில் போகவில்லை.

ஏன், கிழக்கே வழி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கிழக்கே நல்ல சமநிலம். வீட்டு முற்றத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நூறு கோல் தூரம். ஆனால் நிலச்சட்டம் வந்தபோது, பிறர் பூமியில் குடிசை போட்டுக் கிடந்தவனுக்கு அந்தக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தம் என்றானது. கிழக்கு வழியின் வாயில் யோவானுடைய குடிசை. பத்து சென்டும் வழியோடு சேர்ந்து யோவானுக்குப் போயிற்று.

போனது போகட்டும், அதோடு விட்டாரா பிள்ளை? நெய்யாற்றின்கரையில் விசாரணை நடந்தபோது சத்தியம் செய்து சொன்னார்: 'அது குடிசை இல்லை, என் விளையில் காவல்புரை. யோவான் கூலிக்கு வந்த காவல்காரன், அவனுக்கு வீடு வேறே உண்டு.' யோவானின் அப்பனை அந்த இடத்தில் குடியேற்றினதே பிள்ளையின் அப்பாதான். யோவான் பிறந்ததும் அங்கேதான். யோவான் எதிரே கைகட்டி நின்று ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அதிகாரி ஊரில் நாலு பேரை விசாரித்து, பத்து சென்டையும் அவனுக்கே எழுதிக்கொடுத்தார். அன்றைக்கு மேற்கே திரும்பினவர்தான் பிள்ளை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருத்தரும் கிழக்கே கால் வைக்கவில்லை. வழி போன பிறகு ஜீப்பும் புரையில் ஏறிவிட்டது.

*

"இப்பம் நீங்க ஒரு தீருமானம் சொல்லணும்," என்றான் பொன்னுதாஸ். சுகுமாரி கொண்டுவைத்த கட்டன்சாயாவைக் குடித்தபடி. "பழையபடி, அதாவது பின் சக்கரம் மட்டும் இழுத்தாப் போரும்னா மூணு வாரம். எஞ்சின் பிடிச்சுக் கெடக்கு, அத இளக்கணும். பிரேக்கு, டயறு, வயரு. அவ்வளவுதான். அதில்ல, நாலும் இழுக்கணும்னா முன் அச்சு முழுசா வேற கிட்டணும். கோயம்புத்தூர்ல பழைய இரும்புக்கடையில தேடணும். மூணு மாசமோ நாலு மாசமோ, கிட்டினாக் கிட்டிச்சு."

"பின் சக்கரம் மட்டும் இழுத்தா ஏத்தம் ஏறுமா?"

"தள்ளதுக்கு ஆளு உண்டுமா?"

பிள்ளை அந்தக் குழாயைப் பார்த்தார்.

"அப்பம் கெழக்க விடுங்க. சமநெலம், பின் சக்கரமே தாராளம். யோவான் பெரியவருகிட்ட ஒரு வாக்கு கேட்டாப் போராதா? குடிக்க வெள்ளமும் போக வழியும் கேட்டா இந்த நாட்டுல ஆரும் இல்லன்னு சொல்லமாட்டாங்களே."

"நீ வேணும்னா போய்க் கேளு," என்றார் பிள்ளை, எங்கோ பார்த்துக்கொண்டு.

பொன்னுதாஸ் போனான். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"என்ன சொன்னான்?"

"'வழி அங்க கெடக்கு. ஏமான் வந்து ஒரு வாக்கு கேக்கட்டு'ன்னாரு."

பிள்ளைக்கு முகம் சிவந்தது. "பாத்தியா? நான் அவனுக்க முற்றத்துல போய் நிக்கணுமாம்! நக்கல் பாத்தியா, வழி அங்க கெடக்காம்!"

"சாரே, அது நக்கல் இல்ல. ஆளு விட்டுக் கேட்டா அது கேட்டதுல சேராது. தேவைப்பட்டவன் முற்றத்துல வந்து, வாயத் தொறந்து கேட்டு, அந்த வீட்டுல ஒரு மடக்கு வெள்ளம் குடிக்கணும். அதுதான இங்கத்த முறை? இது உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? அந்த முறை தெரிந்ததுதான் கஷ்டம். அந்த முற்றத்தில் நின்றால் யோவானின் முகத்தைப் பார்க்க வேண்டும். காவல்காரன் என்று சொன்ன வாயாலேயே கேட்க வேண்டும்.

"நாலும் இழுக்கட்டும்," என்றார் பிள்ளை. "ஒருத்தனுக்க தயவும் வேண்டாம். என் வண்டி என் ஏத்தத்துல ஏறும். தோஹாவுல இருந்து எம் மகன் காந்திமதிநாதனும் அதத்தான் எழுதியிருக்கான். அங்க மணல்ல ஓடுத வண்டி பூரா நாலு சக்கரமும் இழுக்குததாம். பழைய ஜீப்ப எடுக்குதோம்னா அசல் எப்பிடி இருந்துதோ அப்பிடியே எடுக்கணும்னு."

"அசல்ல இது எப்பிடி இருந்துதுன்னு இப்பமில்லா சொன்னேன்," என்று பொன்னுதாஸ் வாய்க்குள் முனகினான். ஆனாலும் வேலைக்காரன், சொன்னதைச் செய்கிறவன். சாயாக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான்.

மத்தியானம் பகவதியம்மாளுக்குக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் சுட்ட அப்பளமும் கொண்டுபோனார் பிள்ளை. அவள் கிடந்த உள்ளறை ஜன்னல் புரையைப் பார்த்து இருந்தது. அவளுக்குக் கால்தான் போயிற்று, காதுக்கு ஒரு குறையும் இல்லை.

"மூணு வாரத்துல தாறேன்னானே அந்தப் பையன்?"

"ஏத்தம் ஏறண்டாமா? அதான் நாலும் இழுக்கட்டும்னுட்டேன்."

"எனக்கு மலை ஏறவா போணும்? அக்காளப் பாக்கணும். அவ எங்க இருக்கா, இமயமலை உச்சியிலயா? அமரவிளையில இருக்கா."

"சும்மா கெட. அசல் போல எடுக்கணும்னு ஒன் மகன்தான் எழுதியிருக்கான்."

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. யோவான்கிட்ட கேக்க ஒங்களுக்கு மனசு வரல்ல, அதச் சொல்லுங்க." அவள் அப்பளத்தை ஒடித்தாள். "நீங்க அங்க போய்ச் சொன்ன பொய் அவனுக்கு எப்பமோ மறந்திருக்கும். ஒங்களுக்குத்தான் மறக்கல்ல."

பிள்ளை கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

*

சித்திரை போயிற்று. வைகாசி பாதியில் இடவப்பாதி மழை பிடித்தது. புரையின் ஓலைக் கூரை ஒழுகி, எஞ்சினைக் கழற்றின வண்டிமேல் தண்ணீர் விழுந்தது. பொன்னுதாஸ் எஞ்சினைப் பாறசாலைக்குக் கொண்டுபோயிருந்தான். 'ஆனை மெலிஞ்சா தொழுத்துல கெட்டுவாங்களா' என்று பெருமை பேசின வண்டி, தொழுவத்துச் சாணி வாசத்தில் நாலு கல்லின்மேல் நின்றது.

அந்த மழைநாட்களில் யோவானைப் பிள்ளை தூரத்தில் இரண்டு மூன்று தடவை பார்த்தார். கிழக்கு எல்லையில், தலையில் பனையோலைத் தொப்பியோடு வந்து நின்று புரையைப் பார்ப்பான். ரொம்ப மெலிந்திருந்தான். இருமல் சத்தம் இங்கே கேட்கும். ஒரு நாள் பொன்னுதாஸிடம் அவன் கேட்டானாம்: "ஏமானுக்க ஜீப்பு ஓடுமாலே?" ஓடும், ஆவணிக்குள் ஓடும் என்று இவன் சொல்ல, "செரி, நான் அதுவரைக்கும் கெடப்பேனான்னு பாப்போம்" என்றானாம். இதைப் பொன்னுதாஸ் சொன்னபோது பிள்ளை காதில் விழாதது போல டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஆனியில் முன் அச்சு லாரியில் வந்தது. பொன்னுதாஸ் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். முன்பல்லும் பின்பல்லும் கணக்கு ஒத்துப் போகவில்லை.

"ரெண்டும் ஒரே கணக்குல சுத்தணும் சாரே. இல்லன்னா முன்னது ஒரு பக்கம் இழுக்கும், பின்னது ஒரு பக்கம் இழுக்கும், பல்லு ஒடிஞ்சு போவும். இத திருப்பிவிட்டு வேற வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "இப்பமும் ஒண்ணும் கெட்டுப்போகல்ல. பின் சக்கரம் ரெடி. நாளைக்கே எடுக்கலாம். கெழக்க மட்டும் ஒரு வாக்கு..."

"வேற வரட்டும்," என்றார் பிள்ளை.

அந்த வாரம் சுகுமாரி அமரவிளையிலிருந்து முறுக்கு இல்லாமல் வந்தாள். கல்யாணசுந்தரிக்கு இப்போது வலது கையும் சரியில்லையாம். "'நான் போறதுக்குள்ள பகவதிய ஒருக்கக் காட்டுங்க'ன்னு சொல்லியாச்சு," என்றாள். பகவதியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்புவதற்கே அவளுக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும்.

ஆடி மூன்றாம் வாரம், கொட்டுகிற மழையில், காலையில் சர்ச்சு மணி விட்டுவிட்டு அடித்தது. யோவான் போய்விட்டான்.

"போய் ஒரு நெழல் காட்டிட்டு வாங்க," என்றாள் பகவதியம்மாள். "சாவுக்குப் போறதுக்கு ஆரும் கூப்பிடண்டாம்."

பிள்ளை வேட்டி மாற்றினார். குடை எடுத்தார். புரைவரை போனார். அங்கிருந்து பார்த்தால் கறுப்புக் குடைகளும் வெள்ளைச் சேலைகளும் தெரிந்தன. இப்போது போய் நின்றால் 'உயிரோடு இருக்கும்போது வராதவர்' என்று நாலு பேர் சொல்லமாட்டார்களா என்று தோன்றிற்று. ஊர்வாயை உலைமூடியால் மூட முடியுமா? குடையை மடக்கி ஜீப்பின் சீட்டில் வைத்துவிட்டு, சவம் எடுக்கும்வரை அங்கேயே நின்றிருந்தார். அது ஒரு மணிநேரம். நடந்தால் இரண்டு நிமிஷத்து வழி.

யோவானின் மகன் ஈசாக் மஸ்கட்டிலிருந்து பத்து நாள் கழித்து வந்தான். அதன் பிறகு கிழக்கே லாரிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கருங்கல் இறங்கியது, சிமென்ட் இறங்கியது. அவன் வீடு கட்டப்போகிறான், கட்டட்டுமே, என்று இருந்துவிட்டார் பிள்ளை.

*

ஓணம் கழிந்து மூன்றாம் நாள் ஜீப்பு தயாரானது. பட்டாளத்துப் பச்சை பூசி, கண்ணாடி மாற்றி, நாலு டயரும் புதுசாக, அசலுக்குமேல் அசலாக நின்றது. பொன்னுதாஸ் ஏத்தத்தின் அடியில் கொண்டு நிறுத்தினான். பிள்ளை முன் சீட்டில் ஏறினார். சிவப்புக் குமிழை அவன் இழுத்தான். இந்தத் தடவை அடியில் எங்கோ 'டக்'கென்று ஒரு பிடிப்புச் சத்தம் நிஜமாகவே கேட்டது.

வண்டி ஏறிற்று. ஈரச் செம்மண்ணில் முன் சக்கரம் கவ்வி, பின் சக்கரம் உந்தி, ஒரு திணறல் இல்லாமல் ஏறிற்று. பாதி ஏத்தத்தில் பிள்ளை அறுபத்தாறு வயதில் முதன்முறையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. புகையும், அந்தக் குழாயும்தான் இருந்தன.

"எப்பிடி சாரே?" என்றான் பொன்னுதாஸ், பெருமையாக.

"நல்லா ஏறுது," என்றார் பிள்ளை. குரலில் சந்தோஷம் இல்லை.

மறுநாள் காலை பகவதியம்மாளைப் புறப்படப் பண்ணினார்கள். கஞ்சிப்பசை போட்ட கசவுநேரியல், தலையில் பிச்சிப்பூ. அக்காளுக்கென்று ஒரு பரணி நார்த்தங்காய் மடியில். பின்பக்கம் மெத்தையும் தலையணையும் அடுக்கி, நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். வண்டி மெல்ல ஏத்தத்தில் இறங்க ஆரம்பித்தது. முதல் கல்லில் ஒரு குலுக்கு. இரண்டாவது கல்லில் அவள் "அம்மா!" என்று அலறின அலறலில் தொழுவத்துப் பசு எழுந்து நின்றது. ஊறுகாய்ப் பரணி உருண்டு விழுந்து உடைந்தது.

"நிறுத்துங்க! என் பொன்னு மக்கா, நிறுத்துலே!"

ஜீப்பின் குலுக்கு மாட்டுவண்டியைவிட மோசம். வண்டிக்கு ஏத்தம் ஏற முடியும், இறங்க முடியும். உள்ளே இருக்கிற எலும்பு தாங்குமா என்று ஆறு மாசத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. திருப்பித் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். பூ வாடும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"சமநெலத்துல இந்தக் குலுக்கு இருக்காது சாரே," என்றான் பொன்னுதாஸ்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குச் சுகுமாரி படியேறி ஓடிவந்தாள். மூச்சு வாங்கிற்று. "அங்க தொண்டையில வெள்ளம் எறங்கல்ல. டாக்டரு கையை விரிச்சாச்சு. ஏமானே, இண்ணைக்கே கொண்டு போணும்."

பிள்ளை சட்டைகூடப் போடவில்லை. தோளில் துண்டோடு கிழக்கே நடந்தார்.

*

குஞ்சம்மா முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். யோவானின் பெண்டாட்டி. வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு. ஈசாக் கம்பி எடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தான். ஓரமாக இரண்டு கொத்தனார்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் அவர் வந்து நிற்கிறார். அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஏமான் இரிக்கணும்."

"வேண்டாம்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "குஞ்சம்மா, நான் வழி கேக்க வந்தேன். பகவதிக்கு. அமரவிளையில அவ அக்கா கெடக்கா. இண்ணைக்கோ நாளைக்கோன்னு."

குஞ்சம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். ஒரு செம்பு தண்ணீரோடு வந்தாள். பிள்ளை வாங்கிக் குடித்தார். அந்த வீட்டுத் தண்ணீர் அவர் வாயில் படுவது அதுதான் முதல்தடவை.

"கொஞ்சம் இப்பிடி வரணும்," என்று அவள் குடிசையின் வடபுறம் கூட்டிப்போனாள்.

அங்கே ரோட்டிலிருந்து பிள்ளையின் எல்லைவரை ஒரு நீளமான தரிசு கிடந்தது. இரண்டு பக்கமும் மரச்சீனியும் வாழையும் நெருக்கியடித்து நிற்க, நடுவே மட்டும், சீவி எடுத்த வகிடு போல, புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அதற்குக் குறுக்கே, புதிதாக, இடுப்பளவு ஆழத்தில் வானம் தோண்டியிருந்தார்கள். ஈசாக்கின் வீட்டுக்கு அஸ்திவாரக் குழி. அதில் பாதிக்குக் கல்லும் கட்டியாயிற்று.

"ஒம்பதடியாக்கும்," என்றாள் குஞ்சம்மா. "பன்னெண்டு வருஷமாட்டு ஒரு கம்பு நடச் சம்மதிக்கல்ல. நான் மரச்சீனிக் கம்போட வந்தா, 'வைக்காதட்டி, அது ஏமானுக்க ஜீப்பு வருத வழி'ம்பாரு. ஜீப்புக்கு ஒம்பதடி எதுக்குன்னு கேட்டேன். 'ஜீப்பு அஞ்சடி. ரெண்டு பொறமும் ஆளு கூட நடக்கண்டாமா'ன்னாரு. வருசா வருசம் புல்லு அவரே செதுக்குவாரு. கடைசி வருசம் இருமிக்கிட்டு இருந்து செதுக்கினாரு."

பிள்ளை குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். வழி அங்க கெடக்கு. அந்த மனுஷன் உள்ளதை உள்ளபடிதான் சொல்லிவிட்டிருக்கிறான்.

"ஈசாக்கு கேட்டான், இத்தர எடம் சும்மா கெடக்கே, எதுக்கும்மான்னு. நான் காரியத்தச் சொன்னேன். 'அப்பன காவல்காரன்னு சொன்ன ஆளாக்கும், அவரு கேக்க வரமாட்டாரு'ன்னான். நான் ஒரு மாசம் பிடிச்சு நிறுத்தினேன் ஏமானே. ஓணம் கழியட்டுன்னு சொன்னேன். போன திங்களாழ்ச்சதான் வானம் தோண்டினது." அவள் முந்தியால் மூக்கைத் துடைத்தாள். "இனி வண்டி போவாது. கசேரியில இருத்தித் தூக்கிட்டுப் போவலாம். பலக போட்டுத் தாறேன். கொண்டுவாங்க."

*

பொன்னுதாஸ் வெறும் ஜீப்பை ஏத்தத்தில் இறக்கி, வயல் சுற்றி, கிழக்கு ரோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். பகவதியம்மாளை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டினார்கள். கொத்தனார் இரண்டு பேர் முன்னால் பிடித்தார்கள். சுகுமாரியின் புருஷன் சோமன் பின்னால் வலதுபக்கம். இடதுபக்கத்துக்கு ஆள் இல்லை.

"நான் பிடிக்கேன்," என்றார் பிள்ளை.

"சாரே, உங்களுக்கு ஒக்குமா?" என்றான் சோமன்.

அவர் குனிந்து நாற்காலியின் காலைப் பிடித்தார். நாலு அடி நடந்ததுமே தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. முன்னால் போகிறவர்களின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குஞ்சம்மா பக்கத்தில் பகவதியம்மாளின் கையைப் பிடித்தபடி நடந்தாள். "ஏமானே, பாத்து, பலக வருது. கால பைய வைக்கணும்," என்றாள்.

பகவதியம்மாள் ஒரு முனகல்கூட இல்லாமல் இருந்தாள். அந்தப் புல்வழியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இது இத்தன நாளும் இங்கத்தான கெடந்தது?" என்றாள்.

கொத்தனார்கள் பலகையில் கால் வைத்தார்கள்.

ரோட்டில் வைத்து ஏற்றினபோது பொன்னுதாஸ் சிவப்புக் குமிழை முன்னால் தள்ளி முன் சக்கரத்தை விடுவித்தான். தார் ரோட்டில் அது வேண்டாமாம், டயர் தேயுமாம். பின் சக்கரம் மட்டும் இழுக்க, வண்டி குலுங்காமல் அமரவிளைக்குப் போயிற்று. அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கல்யாணசுந்தரி பத்து மணிக்கே போய்விட்டாள். குளிப்பாட்டி, திருநீறு பூசி, வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். நாற்காலியை அக்காளின் பக்கத்தில் வைத்தார்கள். பகவதியம்மாளுக்குக் குனிய முடியவில்லை. கையை நீட்டினால் அக்காளின் முகம்வரை எட்டவில்லை. யாரோ கல்யாணசுந்தரியின் கையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்கள். அவள் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வாரத்துல தாறேன்னு சொன்னானே அந்தப் பையன்," என்றாள்.

சொல்லிவிட்டு மறுபடி அக்காளின் கையைத் தடவ ஆரம்பித்தாள்.

*

அடக்கம் கழிந்து சாயங்காலம் திரும்பி வந்தார்கள். கிழக்கு ரோட்டில் ஜீப்பு நின்றது. சோமனும் கொத்தனார்களும் காத்திருந்தார்கள். பலகைகள் குழிமேல் அப்படியே கிடந்தன.

"கசேரி எடுக்கட்டா?" என்றான் சோமன்.

"நில்லுலே," என்றார் பிள்ளை. தான் மட்டும் இறங்கி, முற்றத்தில் போய் நின்றார். குஞ்சம்மா கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"குஞ்சம்மா, வழி கேக்க வந்தேன்."

"காலத்தே கேட்டாச்சே ஏமானே."

"அது போறதுக்கு."

"போனவ திரும்பி வரண்டாமா? ரெண்டுக்கும் சேத்துத்தான தந்தது." பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்: "கண்டாச்சா அம்மா, அக்காள?"

பிள்ளை தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் கண்டாள் என்றா, காணவில்லை என்றா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒருக்கக்கூடி கேக்கணும்னு தோணிச்சு," என்றார். "அவன் இருந்தப்போ கேக்காததுக்கு."

குஞ்சம்மா களைந்த தண்ணீரை வாழைமூட்டில் ஊற்றினாள். "அது இனி ஆருட்ட கேக்க?" என்றாள். பிறகு ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "எலே சோமா, அம்மைய வெளியில வச்சோண்டு நிக்காத, கொண்டுவா! பலக நான் பிடிச்சுக்கிடுதேன்."

பிள்ளை திரும்பி நடந்துபோய் நாற்காலியின் பின்பக்கத்து இடதுகாலைப் பிடித்தார்.